விதான சௌதாவைக் கட்டியவர், அதில் முதல்வராக அமராதவர்: கெங்கல் ஹனுமந்தையாவின் பொதுவாழ்வு

பெங்களூரு: கர்நாடகத்தின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் விதான சௌதா, பெங்களூரு நகரின் அடையாளமாக விளங்குகிறது. அந்தக் கட்டடத்தை இன்றைய வடிவில் எழுப்பியவர், மைசூர் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த கெங்கல் ஹனுமந்தையா. ஆயினும், அது திறக்கப்படுவதற்கு முன்பே அவர் பதவியை இழந்தார். கன்னடம் பேசும் பகுதிகள் அனைத்தும் ஒரே மாநிலமாக இணைய வேண்டும் என்ற நிலைப்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டதும் அந்தப் பதவி இழப்புக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சட்டமன்ற உறுப்பினர், முதலமைச்சர், மக்களவை உறுப்பினர், மத்திய அமைச்சர், நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவர் எனப் பல பொறுப்புகளை வகித்த ஹனுமந்தையா, 1980-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி காலமானார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும், கர்நாடக அரசியல் வரலாற்றில் மாநில ஒருங்கிணைப்பு, நிர்வாக நேர்மை ஆகியவை பேசப்படும் இடங்களில் அவரது பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

விவசாயக் குடும்பத்திலிருந்து வழக்கறிஞர் தொழிலுக்கு

பெங்களூருவிலிருந்து மைசூருவுக்குச் செல்லும் வழியில், பாறைக் குன்றுகள் சூழ்ந்த ராமநகரம் பகுதியில் உள்ள லக்கப்பனஹள்ளி என்னும் சிற்றூரில், 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹனுமந்தையா பிறந்தார். அவரது குடும்பம் ஒக்கலிகர் சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பம் ஆகும். ராமநகரத்துக்கும் சன்னபட்டணத்துக்கும் இடையே அனுமன் கோயிலால் பெயர் பெற்ற கெங்கல் என்னும் இடத்தின் பெயரே அவரது பெயரின் முன்னொட்டாக நிலைத்தது.

மைசூரு மகாராஜா கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்த அவர், புணேயில் சட்டம் பயின்று, 1930-களின் தொடக்கத்தில் வழக்கறிஞரானார். அக்காலத்தில் கிராமப்புற விவசாயக் குடும்பங்களிலிருந்து உயர்கல்வி பெற்றவர்கள் மிகக் குறைவு. நீதிமன்றத்தில் வளமான எதிர்காலம் காத்திருந்த நிலையில், அவர் விடுதலைப் போராட்டத்தின் பக்கம் திரும்பினார்.

மைசூர் அப்போது உடையார் மன்னர்களின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவில் காங்கிரஸ் கட்சி அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடியது. சமஸ்தானத்தில் நடைபெற்ற போராட்டமோ, மன்னர் தலைமையை முற்றாக அகற்றுவதைக் காட்டிலும் மக்களுக்குப் பொறுப்பான அரசை அமைப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. இந்தப் போராட்டங்களில் பங்கேற்றமைக்காக ஹனுமந்தையா பலமுறை சிறை சென்றார். மைசூர் பிரதிநிதிகள் சபையிலும் காங்கிரஸ் உறுப்பினர்களின் முன்னணித் தலைவராக அவர் விளங்கினார்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் மைசூரில் பொறுப்பாட்சி உடனடியாக மலரவில்லை. அதற்காக 1947-இல் நடைபெற்ற மைசூர் சலோ போராட்டத்தைத் தொடர்ந்து, அந்த ஆண்டு அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் பிரதிநிதிகளின் அரசு பதவியேற்றது.

அரசியல் நிர்ணய சபையில் எழுப்பிய குரல்

இந்திய அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் மைசூரின் பிரதிநிதிகளுள் ஒருவராக ஹனுமந்தையா இடம்பெற்றார். 1949-ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற இறுதிக்கட்ட விவாதத்தில் அவர் தெரிவித்த கருத்து இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. வீணையின் அல்லது சிதாரின் இசையை எதிர்பார்த்த இடத்தில் ஆங்கிலேய இசைக்குழுவின் ஓசையே கேட்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். அரசமைப்புச் சட்டம் இந்திய மரபிலிருந்து போதிய அளவு வேர்கொள்ளவில்லை என்பதே அவரது வருத்தம்.

அந்தக் கருத்துடன் உடன்படாதவர்கள் பலர் உண்டு. எனினும், பொது நிறுவனங்கள் மக்களுக்கு அந்நியமாகத் தோன்றக் கூடாது என்ற அவரது எண்ணம் வெறும் மேடைப் பேச்சாக முடிந்துவிடவில்லை. அதைச் செயலில் காட்டும் வாய்ப்பு சில ஆண்டுகளிலேயே அவருக்குக் கிடைத்தது.

1952-ஆம் ஆண்டு பொதுத்தேர்தல்

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், 99 இடங்களைக் கொண்ட மைசூர் சட்டப்பேரவையில் காங்கிரஸ் 74 இடங்களைக் கைப்பற்றியது. ராமநகரம் தொகுதியில் வெற்றி பெற்ற ஹனுமந்தையா, 1952-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 44.

அவரது ஆட்சிக்காலத்தில் ஊராட்சிகள் மற்றும் மாவட்ட வாரியங்களுக்கான சட்டம், குத்தகை விவசாயிகளுக்கான சட்டம், இனாம் ஒழிப்புச் சட்டம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. மன்னராட்சிக் காலத்தில் தனிநபர்களுக்கு வழங்கப்பட்ட இனாம் நிலங்களில், உழுபவருக்கும் அரசுக்கும் இடையே இனாம்தார்கள் இடைத்தரகர்களாக இருந்தனர். அந்த நிலங்களை அரசின் நேரடி வருவாய் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதே இனாம் ஒழிப்பின் நோக்கம். கர்நாடகத்தில் முழுமையான நிலச் சீர்திருத்தம் 1970-களில் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில்தான் நடைபெற்றது. ஆயினும், அதற்கான தொடக்கப் படிகளில் சில 1950-களில் இடப்பட்டன.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது, அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த பெல்லாரி மாவட்டத்தின் கன்னடப் பகுதிகள் மைசூருடன் சேர்க்கப்பட்டன. ஒன்பது மாவட்டங்களைக் கொண்டிருந்த மைசூர் பத்து மாவட்டங்களைக் கொண்ட மாநிலமாயிற்று. அதைவிடப் பெரிய மாற்றம் அடுத்த சில ஆண்டுகளில் வரவிருந்தது.

கல்லில் எழுந்த கனவு

சட்டமன்றத்துக்கும் செயலகத்துக்கும் புதிய கட்டடம் வேண்டும் என்ற முடிவு கே.சி. ரெட்டி காலத்திலேயே எடுக்கப்பட்டிருந்தது. 1951-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அப்போதைய திட்டம் எளிமையான அலுவலகக் கட்டடமாகவே இருந்தது.

முதலமைச்சரான பின் ஹனுமந்தையா அந்த வரைபடத்தை மாற்றச் செய்தார். பெங்களூருவுக்கு வந்த சோவியத் குழுவினர், நகரில் காணும் கட்டடங்கள் யாவும் ஐரோப்பியப் பாணியில் இருக்கின்றனவே, உங்களுக்கென்று சொந்தக் கட்டடக் கலை இல்லையா என்று வினவியதாகவும், அதுவே இம்மாற்றத்துக்குத் தூண்டுகோலாக அமைந்ததாகவும் கூறப்படுவதுண்டு. புதிய கட்டடத்துக்குத் தேர்வு செய்யப்பட்ட இடமும் அந்தக் கேள்வியை நினைவூட்டக் கூடியது. எதிரே, 1868-இல் பிரிட்டிஷ் நிர்வாகக் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட செந்நிற அட்டாரா கச்சேரி நின்றது. இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அக்கட்டடம், அக்காலத்தில் பதினெட்டு அரசுத் துறைகளின் இருப்பிடமாக இருந்தது.

பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பி.ஆர். மாணிக்கம் தலைமையில் புதிய வடிவமைப்பு உருவாயிற்று. திராவிடக் கோயில் கட்டடக் கலையின் தூண்களும் விதானங்களும் பிற இந்தியப் பாணிகளின் கூறுகளுடன் அதில் இணைக்கப்பட்டன. வடக்கு தெற்காக 700 அடி நீளமும் கிழக்கு மேற்காக 350 அடி அகலமும் கொண்ட அக்கட்டடத்துக்குப் பெங்களூரு சுற்றுவட்டாரத்துக் கருங்கல் பயன்படுத்தப்பட்டது. மாகடியிலிருந்து இளஞ்சிவப்புக் கல்லும், துருவேகெரேயிலிருந்து கருநிறக் கல்லும் அலங்கார வேலைகளுக்காகக் கொண்டுவரப்பட்டன. கிழக்கு முகப்பில் 40 அடி உயரமுள்ள 12 தூண்களும், 200 அடிக்கும் மேற்பட்ட அகலத்தில் 45 படிகளும் அமைக்கப்பட்டன. மையக் குவிமாடத்தின் உச்சியில் நான்முகச் சிங்கம் நிறுவப்பட்டது.

கல் தச்சர்கள், கொத்தனார்கள், மர வேலைப்பாட்டுக் கலைஞர்கள் என ஏறக்குறைய 1,500 கைவினைஞர்களும், சுமார் 5,000 தொழிலாளர்களும் இப்பணியில் ஈடுபட்டனர். சிறைக் கைதிகளும் கட்டுமான வேலையில் அமர்த்தப்பட்டனர். முகப்பில், அரசுப் பணி இறைவன் பணி என்னும் பொருள் தரும் கன்னட வாசகம் பொறிக்கப்பட்டது.

எழுந்த எதிர்ப்புகள்

கட்டடத்தின் பிரம்மாண்டமே ஹனுமந்தையாவுக்கு எதிரான அரசியல் ஆயுதமாகவும் மாறியது. தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் ரூபாயாக மதிப்பிடப்பட்டிருந்த செலவு, பணி முடிவடைந்தபோது ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நீர்ப்பாசனமும் தேவைப்படும் ஏழை மாநிலத்தில் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அரண்மனையைப் போன்ற கட்டடம் எதற்கு என்ற கேள்வி எதிர்க்கட்சியினரிடமிருந்து மட்டுமன்றி, ஆளுங்கட்சிக்குள்ளிருந்தும் எழுந்தது.

அந்தக் கேள்வி நியாயமற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. மதிப்பீட்டைவிட மூன்று மடங்குக்கும் மேலாகச் செலவு உயர்ந்ததற்கு எந்த அரசும் விளக்கமளிக்கக் கடமைப்பட்டதே ஆகும். அதே வேளையில், மன்னர்களுக்கு அரண்மனைகளும் ஆங்கிலேய ஆணையர்களுக்கு மாளிகைகளும் இருந்த நகரில், வாக்களித்த மக்களின் மன்றத்துக்கும் அவற்றுக்கு நிகரான இடம் வேண்டும் என்பது ஹனுமந்தையாவின் உறுதியான எண்ணமாக இருந்தது.

ஒருங்கிணைந்த மாநிலமா, பழைய மைசூரா?

கட்டடப் பணி நடைபெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதைவிடக் கடினமான மற்றொரு வினா முதலமைச்சரின் முன் நின்றது. கன்னடம் பேசும் மக்கள் அப்போது மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகு எனப் பல மாநிலங்களில் சிதறியிருந்தனர். அவர்கள் அனைவரையும் ஒரே மாநிலத்தில் இணைக்க வேண்டும் என்ற இயக்கம் வட கர்நாடகப் பகுதியில் வலுவாக நடைபெற்று வந்தது.

பழைய மைசூரில் நிலைமை வேறாக இருந்தது. அணைகள், மின் உற்பத்தி, தொழிற்சாலைகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றால் முன்னேறியிருந்த மைசூர், வளர்ச்சியில் பின்தங்கிய பகுதிகளுடன் இணைந்தால் தனது வளங்களைப் பகிர்ந்துகொள்ள நேரிடும் என்ற அச்சம் பலரிடம் காணப்பட்டது. அதற்கு இணையாகச் சமூகக் கணக்கும் இருந்தது. பழைய மைசூரின் அரசியலில் ஒக்கலிகர்கள் செல்வாக்குடன் விளங்கினர். விரிவடைந்த மாநிலத்திலோ, வட மாவட்டங்களில் பெரும்பான்மையாக வாழ்ந்த லிங்காயத்துகளின் கை ஓங்கும் என்பதை அனைவரும் உணர்ந்திருந்தனர். ஹனுமந்தையாவின் அரசியல் அடித்தளமும் பழைய மைசூரே ஆகும்.

1953-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. நீதிபதி ஃபசல் அலி தலைமையிலான அந்த ஆணையத்தில் எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்களாக இருந்தனர். இணைப்பினால் ஏற்படக்கூடிய பொருளாதார விளைவுகளை ஆராய மைசூர் அரசும் எம். சேஷாத்ரி தலைமையில் உண்மை அறியும் குழுவை நியமித்தது. 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஆணையம் அளித்த அறிக்கை, கன்னடப் பகுதிகளைக் கொண்ட மாநிலத்தைப் பரிந்துரைத்தது.

அதன்பின் சட்டமன்றத்தில் கடும் விவாதம் நடைபெற்றது. தமது கட்சியையும் பகுதியையும் சேர்ந்த உறுப்பினர்கள் பலர் தயங்கியும் எதிர்த்தும் நின்றபோதிலும், ஹனுமந்தையா இணைப்பின் பக்கம் நின்றார். புதிய மாநிலத்தில் தமது தலைமைக்கு இடமிருக்காது என்பதை அவரைப் போன்ற அனுபவம் மிக்க அரசியல்வாதி கணிக்காமல் இருந்திருக்க முடியாது. ராஜபிரமுகராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையாரும் ஒருங்கிணைப்பை ஆதரித்தார்.

திறப்புக்கு முன் பதவி விலகல்

செலவு குறித்த விமர்சனம், ஒருங்கிணைப்பால் எழுந்த அதிருப்தி, முடிவுகளைத் தாமே எடுக்கிறார் என்ற குறைகூறல் ஆகியவை ஒன்றுசேர்ந்து, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் அவருக்கு எதிரான அணியை வலுப்படுத்தின. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் பதவி விலக நேரிட்டது. ஆகஸ்ட் 19-ஆம் தேதி கடிதாள் மஞ்சப்பா முதலமைச்சரானார். அக்டோபர் இறுதியுடன் அவரது குறுகிய ஆட்சியும் முடிவுக்கு வந்தது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஒருங்கிணைந்த மைசூர் மாநிலம் உதயமாயிற்று. பம்பாய் மாநிலத்திலிருந்து பெல்காம், பிஜாப்பூர், தார்வாட், வட கன்னட மாவட்டங்களும், ஐதராபாத்திலிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் பகுதிகளும், சென்னை மாநிலத்திலிருந்து தென் கன்னட மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமும், குடகும் அதில் இணைந்தன. பத்து மாவட்டங்கள் 19 ஆயின. மாநிலத்தின் பரப்பளவு இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்தது. அடுத்த ஆண்டு நடைபெற்ற தேர்தலில் சட்டப்பேரவையின் இடங்கள் 208 ஆக உயர்ந்தன.

புதிய மாநிலத்தின் முதலமைச்சராக எஸ். நிஜலிங்கப்பா பொறுப்பேற்றார். ஹனுமந்தையா கட்டிய மன்றம் அந்தப் பெரிய மாநிலத்தின் மன்றமாயிற்று. அவர் 1957-ஆம் ஆண்டு தேர்தலில் ராமநகரத்திலிருந்து மீண்டும் வெற்றி பெற்று, அதே அவைக்குச் சாதாரண உறுப்பினராகச் சென்றார்.

டெல்லியில் மேற்கொண்ட பணிகள்

1962-இல் பெங்களூரு நகரத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹனுமந்தையா, 1967, 1971 தேர்தல்களிலும் வெற்றி பெற்றார். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அமைத்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தில் உறுப்பினராக இடம்பெற்றார். அதன் தலைவர் மொரார்ஜி தேசாய் 1967-இல் துணைப் பிரதமரானதைத் தொடர்ந்து, தலைமைப் பொறுப்பு ஹனுமந்தையாவிடம் வந்தது.

அந்த ஆணையம் 20 அறிக்கைகளில் 537 பரிந்துரைகளை வழங்கியது. அமைச்சர்கள், அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்க லோக்பால், லோக் ஆயுக்தா ஆகிய அமைப்புகள் வேண்டும் என்ற பரிந்துரை, மொரார்ஜி தேசாய் தலைவராக இருந்தபோது 1966-இல் அளிக்கப்பட்டது. மத்திய அளவில் லோக்பால் சட்டம் நிறைவேற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் 1984-ஆம் ஆண்டு சட்டத்தின் வழியே லோக் ஆயுக்தா அமைந்தது.

அரசுப் பணியாளர் நிர்வாகத்துக்குத் தனித் துறை வேண்டும் என்ற பரிந்துரை 1970-இல் செயல்வடிவம் பெற்றது. மாநிலங்களுக்கு இடையிலான மன்றத்தை அரசமைப்பின் 263-ஆவது பிரிவின்கீழ் அமைக்க வேண்டும் என்று 1969-இல் ஆணையம் கூறியது. அம்மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டது. ஒதுக்கிய பணத்தை மட்டும் கணக்கிடாமல், அதனால் நிறைவேறிய வேலையையும் கணக்கிடும் செயல்திறன் வரவு செலவுத் திட்ட முறையையும் ஆணையம் வலியுறுத்தியது.

1970-இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் சட்டம் மற்றும் சமூக நலத் துறை அமைச்சராகச் சேர்ந்த ஹனுமந்தையா, 1971-ஆம் ஆண்டு மார்ச் முதல் 1972-ஆம் ஆண்டு ஜூலை வரை ரயில்வே துறையைக் கவனித்தார். வங்கதேச அகதிகளின் வருகையும் டிசம்பர் போரும் ரயில்வேயின் மீது பெருஞ்சுமையை ஏற்றிய காலம் அது. நெருக்கடி நிலைக்குப் பின் 1977-இல் நடைபெற்ற தேர்தலில், பெங்களூரு தெற்குத் தொகுதியில் ஜனதா கட்சி வேட்பாளரும் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான கே.எஸ். ஹெக்டேயிடம் அவர் தோல்வியுற்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 72-ஆம் வயதில் அவரது வாழ்வு நிறைவடைந்தது.

நிலைத்து நிற்கும் பெயர்

மைசூர் மாநிலம் 1973-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கர்நாடகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒருங்கிணைப்பை அஞ்சிய பழைய மைசூர்ப் பகுதி அதன்பின் அதிகாரத்தை நிரந்தரமாக இழந்துவிடவும் இல்லை. ஹனுமந்தையா வென்ற அதே ராமநகரம் தொகுதியிலிருந்து 1994-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எச்.டி. தேவகௌடா முதலமைச்சராகி, 1996-இல் நாட்டின் பிரதமரானார். அவரது மகன் எச்.டி. குமாரசாமி, அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தபோது 2006-இல் முதலமைச்சரானார். 1950-களில் பலரை ஆட்டிப்படைத்த அச்சம் மிகையானது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எனினும், வட கர்நாடகம் போதிய கவனம் பெறவில்லை என்ற மனக்குறை இன்றும் தொடர்கிறது. அப்பகுதிக்கென பெலகாவியில் கட்டப்பட்ட சுவர்ண விதான சௌதா 2012-இல் திறக்கப்பட்டது.

பெங்களூருவில் விதான சௌதாவின் அருகே, அதே தோற்றத்தில் எழுப்பப்பட்ட விகாச சௌதா 2005-இல் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் வீண் செலவு என்று விமர்சிக்கப்பட்ட வடிவத்தையே பின்வந்த அரசு முன்மாதிரியாகக் கொண்டது. நகரின் முக்கியச் சாலைகளுள் ஒன்று கெங்கல் ஹனுமந்தையாவின் பெயரைத் தாங்கியுள்ளது. விதான சௌதா வளாகத்தில் அவரது சிலை நிற்கிறது.

கர்நாடகத்தின் 31 மாவட்டங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் 224 உறுப்பினர்கள் இன்று அந்த மன்றத்தில் கூடுகின்றனர். பெலகாவி, கலபுரகி, மங்களூரு, மடிக்கேரி ஆகிய ஊர்களின் பிரதிநிதிகளும் ராமநகரத்தின் பிரதிநிதியும் ஒரே அவையில் அமர்ந்து விவாதிக்கின்றனர். அதற்கு வழிவகுத்த முடிவை எடுத்த முதலமைச்சர், அந்த முடிவின் அரசியல் விலையையும் தாமே செலுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.